ஸ்காபரோ பிளாசாவில் 1,200 சதுர அடிக் கடை: லீஸில் கையெழுத்து வைக்கமுன் என்ன பார்க்கவேணும்?

#1 புதுக்கடை

வணக்கம். ரொறொன்ரோ, ஸ்காபரோவில் மார்க்கம் வீதியை அண்டிய பழைய பிளாசா ஒன்றில் நடுக்கடை ஒன்று வாடகைக்கு விடுகிறார்கள். 1,200 சதுர அடி, முன்பு உடுப்புக்கடை. எடுத்துச் செல்லும் சாப்பாடு (கொத்து, இடியப்பம், ரோல்ஸ், வடை), ஒரு பக்கச் சுவரோடு மரக்கறியும் பலசரக்கும் என்று யோசனை. இருந்து சாப்பிடப் பத்துக் கதிரை. சதுர அடிக்கு வருடம் 32 டொலர் கேட்கிறார்கள், ரி.எம்.ஐ. (வரி, பராமரிப்பு, காப்புறுதிப் பங்கு) 15. ஐந்து வருட லீஸ், விரும்பினால் இன்னும் ஐந்து.

பிளாசாவில் இப்போது இருப்பவை: மூலையில் பெரிய பலசரக்குக்கடை, பல் வைத்தியர், ரியூசன் நிலையம், காசு அனுப்பும் கடை, நகைக்கடை, சலூன். முகவர் இந்தக் கிழமைக்குள் ஓஃபரில் கையெழுத்து வைக்கச் சொல்கிறார். விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

#2 கணக்கேடு

அந்த 32 ஐ விட்டுவிட்டு, மாதம் வங்கியிலிருந்து போகப்போகும் தொகையைப் பாருங்கள். 32 உம் 15 உம் சேர்ந்து 47. 1,200 சதுர அடிக்கு வருடம் 56,400, மாதம் 4,700. அதன்மேல் எச்.எஸ்.ரி. (விற்பனை வரி) 13%, அதாவது 611. ஆக மாதம் 5,311 டொலர். மின்சாரம், காஸ், தண்ணீர், உங்கள் சாமானுக்கும் பொறுப்புக்குமான காப்புறுதி எல்லாம் இதற்கு வெளியே.

எச்.எஸ்.ரி. பதிவு இருந்தால் அந்த 611 திரும்பி வரும், ஆனால் வரும்வரை அது உங்கள் கையை விட்டுப் போன காசு. நாலு காலாண்டு விற்பனை 30,000 டொலரைத் தாண்டினால் பதிவு கட்டாயம். நீங்கள் அதுவரை நிற்கவேண்டாம், திருத்தவேலை தொடங்கமுன்னமே பதியுங்கள். பதிவுக்கு முன் செய்துமுடித்த சேவைகளுக்குக் கட்டிய வரியைப் பிறகு கோருவது கடினம்.

இந்த வாடகையைக் கடை தாங்குமா என்பதற்குச் சாப்பாட்டுக்கடைகளில் வழக்கமாகப் பார்க்கும் அளவு: வாடகையும் ரி.எம்.ஐ.யும் சேர்ந்து விற்பனையில் 10 வீதத்துக்குள் நிற்கவேண்டும். 56,400 பத்து வீதம் என்றால் வருட விற்பனை 564,000. வருடத்தில் 360 நாள் திறந்தால் நாளுக்கு 1,567 டொலர். ஒரு பில் சராசரி 12 டொலர் என்றால் நாளுக்கு 130 பில். அந்த பிளாசாவுக்கு வியாழன் மாலையும் சனி மத்தியானமும் போய், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் பையோடு வெளியே வருகிறார்கள் என்று எண்ணுங்கள். கிழமை நாளில் 130 பில் வருமா என்ற கேள்விக்கு முகவரிடம் பதில் இல்லை, வாகனத் தரிப்பிடத்தில் இருக்கிறது.

#3 ஒப்பந்தம்

"ஓஃபர்தானே, லீஸ் பிறகு வரும்" என்று நினைக்கவேண்டாம். இடம், வாடகை, காலம், தொடங்கும் திகதி தெளிவாக எழுதி இருவரும் கையெழுத்து வைத்தால் அந்த ஓஃபரே உங்களைக் கட்டும். அதில் இல்லாத சலுகையைப் பிறகு லீஸில் புகுத்த முடியாது. ஆகவே ஓஃபரிலேயே 15 வேலைநாள் நிபந்தனைக் காலம் கேளுங்கள்: சட்டத்தரணி லீஸைப் பார்ப்பதற்கு, சமையலறைக்குக் கட்டட அனுமதி கிடைக்குமா என்று அறிவதற்கு, மின், காஸ், கூரை சோதிப்பதற்கு, வங்கிக் கடனுக்கு. ஒன்று சரிவராவிட்டாலும் முற்பணம் கழிவில்லாமல் திரும்பவேண்டும் என்று எழுதவேண்டும்.

ஒன்ராறியோவில் வீட்டு வாடகைக்கு உள்ள பாதுகாப்புகள் கடைக்கு இல்லை. வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு இல்லை, வீட்டு வாடகைச் சபையிடம் போகவும் முடியாது. நடப்பது வணிகக் குடியிருப்புச் சட்டமும் நீங்கள் கையெழுத்து வைத்த தாள்களும்தான். வாடகை நாள் கடந்து 15 நாள் நிலுவையாக நின்றால், 16 ஆம் நாள் உரிமையாளர் பூட்டை மாற்றலாம். அல்லது லீஸை வைத்துக்கொண்டே கடைச் சாமானைப் பறிமுதல் செய்து, ஐந்து நாள் வைத்திருந்து, மதிப்பிட்டு விற்கலாம். இரண்டையும் ஒன்றாகச் செய்யமுடியாது, ஆனால் இரண்டில் எது நடந்தாலும் சமையல் நின்றுவிடும். லீஸில் "எழுத்தில் அறிவித்து ஐந்து வேலைநாள் திருத்த அவகாசம்" என்று ஒரு வாசகம் வாங்கினால் இந்தப் 16 ஆம் நாள் பயம் பெருமளவு குறையும். இது பெரும்பாலான உரிமையாளர்கள் கொடுக்கும் வாசகம். கேட்காததால்தான் கிடைப்பதில்லை.

அடுத்தது இடிப்பு வாசகம், அதாவது கட்டடத்தை இடிப்பதற்காக லீஸை இடையில் முடிக்க உரிமையாளருக்கு உள்ள உரிமை. உங்கள் விஷயத்தில் வாடகையை விட முக்கியம் என்று நான் சொல்வது இதைத்தான். ஸ்காபரோவின் ஒற்றை மாடி பிளாசாக்கள் பல, முன்னால் வாகனத் தரிப்பிடம் பின்னால் கடைவரிசை என்று 1950களிலும் அதற்குப் பின்னும் காருக்காகக் கட்டியவை. எக்ளின்ரன் கிழக்கு வீதியில் கோல்டன் மைல் பிளாசா 1954 இல் திறந்தது. அதே கோல்டன் மைல் பகுதிக்கு 2020 இல் மாநகரசபை ஏற்ற திட்டம், கடைவரிசைகள் இருந்த இடத்தில் மாடிக் கட்டடங்களை நினைத்து எழுதியது. தரிப்பிடத்தின் நிலம் கடைகளை விடப் பெறுமதியாகிவிட்டால், உரிமையாளர் லீஸில் "ஆறு மாத அறிவித்தலில் முடிக்கலாம்" என்று வைப்பார். மூன்றாம் வருடம் அந்தக் கடிதம் வந்தால் ஹூட் (அடுப்புக்கு மேலுள்ள புகை உறிஞ்சி), குழாய், தரை எல்லாவற்றுக்கும் போட்ட காசு சுவரோடு போகும்.

செய்யவேண்டியது: மாநகரசபையின் திட்ட விண்ணப்பத் தகவல் இணையப் பக்கத்தில் அந்த முகவரியையும் பக்கத்து முகவரிகளையும் போட்டுப் பாருங்கள். விண்ணப்பம் இருந்தால் தெரியும். பிறகு பேசுங்கள்: முதல் ஐந்து வருடத்துக்கு இடிப்பு உரிமை கூடாது. சம்மதிக்காவிட்டால் குறைந்தது 12 மாத அறிவித்தலும், திருத்தவேலைச் செலவில் மிஞ்சிய பங்குக்கு ஈடும். 100,000 செலவழித்து பத்து வருடத்தில் கழிப்பதாகக் கணக்கு வைத்தால், மூன்றாம் வருட முடிவில் அவர் 70,000 தரவேண்டும். இந்த உதாரணக் கணக்கையே லீஸில் இணைப்பாகப் போடுங்கள். நீட்டிய ஐந்து வருடத்துக்கும் இந்த வாசகம் தொடருமா என்பதையும் எழுதவேண்டும், அங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள்.

#4 வாசற்படி

பிளாசா நிர்வாகப் பக்கத்திலிருந்து ரி.எம்.ஐ. பற்றிச் சொல்கிறேன். வரி, பராமரிப்பு, காப்புறுதி மூன்றுக்கும் உங்கள் சதுர அடிப் பங்கு அது. 15 என்பது மதிப்பீடு. வருட முடிவில் உண்மைச் செலவைக் கணக்கிட்டு மிச்சத்துக்கு பில் வரும். 15 ஆக இருந்தது 18 ஆனால் உங்களுக்கு வருடம் 3,600 கூடும். கடந்த மூன்று வருடத்தின் இறுதிக் கணக்கைக் கேளுங்கள், மதிப்பீட்டை அல்ல. கொடுக்கத் தயங்கினால் அதுவே ஒரு தகவல்.

கணக்கில் பார்க்கவேண்டிய விடயங்கள் மூன்று. நிர்வாகக் கட்டணம்: பராமரிப்பில் வீதமா, வாடகையிலும் வீதமா? தரிப்பிடம் முழுதாகத் தார் போட்டதோ கூரை மாற்றியதோ ஒரே வருடத்தில் ஏறியிருக்கிறதா? காலியான கடைகளின் பங்கை யார் சுமக்கிறார்? மொத்தப் பரப்பால் பிரிக்கவேண்டும், வாடகைக்குப் போன பரப்பால் பிரித்தால் பக்கத்துக் கடை மூடினதும் உங்கள் பில் ஏறும்.

வேறு யாரும் எழுதமுன் நானே சொல்கிறேன், எல்லா ரி.எம்.ஐ.க்கும் உச்சவரம்பு கேட்பது நடக்காது. வரியும் காப்புறுதியும் பனி அள்ளுவதும் உரிமையாளர் கையில் இல்லை. ஒன்ராறியோவில் சொத்து வரி இன்னும் 2016 ஜனவரி 1 மதிப்பில்தான் கணக்கிடப்படுகிறது. புதிய மதிப்பீடு வரும் வருடம் என்ன ஆகும் என்று எவரும் வாக்குக் கொடுக்கமாட்டார். துப்புரவு, நிர்வாகம், தோட்டம், சிறு திருத்தம் ஆகியவற்றுக்கு மட்டும் வருடம் 5% என்று கேளுங்கள், கிடைக்கும்.

#5 ஒப்பந்தம்

வாசற்படி சொல்வதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு: பனி அள்ளும் ஒப்பந்தம் ஒரு நிலையான பருவ விலையில் இருந்தால் அதையும் வரம்புக்குள் கொண்டுவரலாம். ஒவ்வொரு தடவைக்கும் காசு என்றால்தான் முடியாது.

#6 தாழ்வாரம்

உடுப்புக்கடையைச் சமையல்கடை ஆக்குவதுதான் இங்கே பெரிய செலவு. வாடகையில் இரண்டு டொலர் குறைப்பதற்கு ஒரு மாதம் பேசிவிட்டு, கூரைக்கு ஏறிப் பார்க்காமல் கையெழுத்து வைக்கிறார்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

பயன்பாட்டு மாற்றம். கட்டட விதியில் உணவகம் ஒன்றுகூடும் இடம் என்ற வகுப்பு, உடுப்புக்கடை சில்லறை வகுப்பு. இருந்து சாப்பிட 30 பேருக்கு மேற்படாமல் வடிவமைத்தால் சில்லறை வகுப்பிலேயே வைத்திருக்கலாம். பத்துக் கதிரை என்பது நல்ல முடிவு, அதைக் கூட்டாதீர்கள். கழிப்பறைத் தேவையும் தீத்தடுப்புச் சுவரும் அதனால் இலேசாகும். ஆனாலும் ஹூட், குழாய், காஸ் வேலைக்கு அனுமதி வேண்டும், வரைபடத்துக்குத் தகுதியுள்ள வடிவமைப்பாளர் வேண்டும்.

ஹூட். கொத்துக் கல்லும் ஃபிரையரும் இருந்தால் எண்ணெய்ப்புகைக்கான முதல் வகை ஹூட் கட்டாயம். ஆவிக்கு மட்டும் போடும் இரண்டாம் வகை இங்கே செல்லாது. அடுப்புகளை விட ஹூட் ஒவ்வொரு திறந்த பக்கமும் 6 அங்குலம் வெளியே நீளவேண்டும். குழாய் 16 கேஜ் இரும்பு அல்லது 18 கேஜ் எவர்சில்வர், எல்லாப் பொருத்தும் எண்ணெய் கசியாமல் வெல்டிங். எரியக்கூடிய எதிலிருந்தும் 18 அங்குலம் தள்ளி, அல்லது அதற்கென உள்ள தீக்காப்புப் போர்வை சுற்றி. பழைய பிளாசாக்களில் மரக் கூரைச்சட்டம் இருந்தால் இந்த 18 அங்குலம்தான் தலையிடி. கூரைத்தட்டைத் தூக்கிப் பாருங்கள்.

ஃபிரையரையும் திறந்த சுவாலை அடுப்பையும் ஒட்டிவைக்கக்கூடாது. 16 அங்குல இடைவெளி விடவேண்டும். இடம் போதாவிட்டால் நடுவில் 8 அங்குல உயர இரும்புத் தடுப்பு. கொத்துக்கல்லைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பிறகு மாற்றுவதென்றால் தீயணைப்பு முனைகளையும் இடம்மாற்ற வேண்டிவரும், அது தனிச் செலவு. ஹூட்டின் தீயணைப்புத் தொகுதிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவரின் பரிசோதனை, சமையலறையில் கே வகைத் தீயணைப்பான் (சமையல் எண்ணெய்த் தீக்கானது).

புதுக்காற்று. எட்டு அடி ஹூட் அடிக்கு 300 கன அடி என்று நிமிடத்துக்கு 2,400 கன அடி காற்றை வெளியே தள்ளும். 2,000 கன அடியாவது உள்ளே திருப்பிக் கொடுக்கவேண்டும், அதையும் சூடாக்கித்தான். வெளியே -20, உள்ளே +20 என்றால் அந்த 2,000 கன அடிக்கு மட்டும் மணிக்கு ஏறக்குறைய 155,000 பி.ரி.யு. வெப்பம் தேவை. காசை மிச்சம் பிடிக்க இந்தச் சூடாக்கியை விட்டுவிடுவார்கள். விளைவு மாசியில் தெரியும்: முன்கதவு இழுத்தாலும் திறக்காது, மற்றப் பக்கத்தால் குளிர்காற்று ஊதும், தண்ணீர் சூடாக்கியின் புகை கடைக்குள் திரும்பும், கொத்து வாசம் சலூனுக்குப் போகும், அங்கிருந்து உரிமையாளருக்கு முறைப்பாடு போகும்.

கூரை. ஓட்டை போடுவது உரிமையாளரின் கூரைக்காரர் மட்டும் செய்யவேண்டும். உங்கள் ஆள் வெட்டினால் கூரை உத்தரவாதம் போய்விடும், பிறகு ஒழுகும் ஒவ்வொரு துளிக்கும் நீங்கள் பொறுப்பு. ஹூட் விசிறியின் பாரத்தைக் கூரை தாங்குமா என்று பொறியாளர் கடிதம் கேட்பார்கள்.

மின்சாரம். பலகையில் என்ன இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்புங்கள். ஒற்றைக் கட்டம் 100 ஆம்ப், 240 வோல்ட் என்றால் 24 கிலோவாட், தொடர்ந்து ஓடும் சுமைக்கு 80% என்று 19 கிலோவாட்தான். ஒரு மின் ஃபிரையரே 14 கிலோவாட். இரண்டு ஃபிரையர், மரக்கறி அலமாரி, உறைபெட்டி, விசிறி என்று போட்டால் இந்த இணைப்பு போதாது. காஸ் ஃபிரையர் என்றால் ஒன்றுக்கு 90,000 முதல் 120,000 பி.ரி.யு., புதுக்காற்றுச் சூடாக்கியும் சேர்த்து மொத்தம் கூட்டி காஸ் நிறுவனத்திடம் மீற்றர் தாங்குமா என்று கேட்கவேண்டும். பெரிய மீற்றர் வர மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கலாம்.

எண்ணெய்ப் பொறி. சிங்க்குகளின் கழிவு பொதுச் சாக்கடைக்குப் போகமுன் எண்ணெய்ப் பொறி கட்டாயம், மாநகரசபையின் கழிவுநீர் விதி அது. கொங்கிறீட் தரையை வெட்டவேண்டுமா, தரைமேல் வைக்கலாமா என்று குழாய்க்காரர் பார்த்துச் சொல்லவேண்டும். எண்ணெயும் அடிமண்டியும் கால்வாசி நிரம்பும்போது இறைக்கவேண்டும். ஃபிரையர் ஓடும் கடையில் மாதம் ஒருதடவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூரை மேல் நிற்கும் சூடாக்கி-குளிரூட்டி. அதன் பெயர்த்தகட்டில் தயாரித்த வருடம் இருக்கும். 15 வயதைத் தாண்டியிருந்தால் "குடியிருப்பாளர் பொறுப்பு" என்ற வாசகத்தின்படி மாற்றும் செலவு உங்கள் தலையில் விழும். பதினைந்து வருடம் வேறு யாரோ பாவித்த இயந்திரத்துக்கு நீங்கள் ஏன் புதுசு வாங்கவேண்டும்? திருத்தம் எனக்கு, மாற்றுவது உரிமையாளருக்கு என்று எழுதுங்கள்.

#7 புதுக்கடை

நன்றி தாழ்வாரம் அண்ணை, இவ்வளவு இருக்குமென்று யோசிக்கவில்லை. வேறு இடத்தில் அனுமதியுள்ள சமையலறையில் பொரித்து, கடைக்குக் கொண்டுவந்து சூடாக மட்டும் வைத்து விற்றால் ஹூட் இல்லாமல் தப்பலாமா?

#8 தாழ்வாரம்

ரோல்ஸுக்கும் வடைக்கும் தப்பலாம். இடியப்பம் அவிப்பது ஆவிதான், இரண்டாம் வகை ஹூட் போதும். கொத்து தப்பாது. கல்லில் எண்ணெய் போட்ட நிமிடமே முதல் வகைதான்.

#9 அடுப்படி

கொத்து இல்லாமல் தொடங்கினால் செலவு மிகக் குறையும், ஆனால் அப்போது வெப்பநிலைதான் உங்கள் முழு வேலை. இங்கே விதி எளிது: பழுதாகும் உணவு 4 பாகைக்குக் கீழே அல்லது 60 பாகைக்கு மேலே. நடுவில் நிற்கக்கூடாது. இறைச்சி, மீன் ரோல்ஸ் மற்ற இடத்திலிருந்து சூடாக வருகிறதென்றால் பெட்டியிலும் 60 க்கு மேல் வரவேண்டும். குளிராக வருகிறதென்றால் 4 க்குக் கீழே வந்து, கடையில் இரண்டு மணி நேரத்துக்குள் முழுச்சூட்டுக்குப் போகவேண்டும். கோழி இருந்தால் நடுப்பாகம் 74 பாகை. கண்ணாடிச் சூட்டுப்பெட்டியின் திருகு சூடாக்குவதற்கல்ல, சூட்டைக் காப்பதற்கு. குளிர்ந்த ரோல்ஸை அதற்குள் வைத்துச் சூடாக்குவதுதான் நம் கடைகளில் அதிகம் காணும் பிழை. மேலே தொட்டால் சுடும், நடுவில் 40 இல் நிற்கும். அவணில் 74 க்கு ஏற்றிவிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். கீழ்த்தட்டில் தண்ணீர்த் தட்டு வைத்தால் தோல் காயாது, ஆனால் வடைக்கு அது கூடாது, சொதசொதத்துவிடும். வடைக்குத் தனித் தட்டு, குறைந்த அளவு, அடிக்கடி.

சோறும் கறியும் மிஞ்சினால் பானையோடு குளிர்பெட்டிக்குள் வைக்கவேண்டாம். 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மேற்படாத தட்டுகளில் பரப்பி, இரண்டு மணி நேரத்தில் 60 இலிருந்து 20 க்கும், அடுத்த நாலு மணி நேரத்தில் 4 க்கும் இறக்கவேண்டும். பெரிய பானையின் நடு விடியும்வரை இளஞ்சூட்டில் நிற்கும்.

ரொறொன்ரோவில் உணவகங்களைப் பரிசோதித்து அட்டை கொடுக்கும் டைன்சேஃப் முறை 2001 இல் தொடங்கியது. பச்சை தேர்ச்சி, மஞ்சள் நிபந்தனையோடு தேர்ச்சி, சிவப்பு மூடல். அட்டை வாசலில் தொங்கும், வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் உள்ளே வருவார்கள். கடை திறந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உணவு கையாளும் சான்றிதழ் உள்ள ஒருவராவது உள்ளே நிற்கவேண்டும். ஒருவருக்கு மட்டும் எடுத்தால் அவர் வங்கிக்குப் போன அரை மணியில் பரிசோதகர் வந்தாலும் மீறல்தான். மூவர் எடுங்கள். கைகழுவத் தனித் தொட்டி, சவர்க்காரம், கடதாசித் துவாய். பாத்திரத்துக்குக் கழுவ, அலச, கிருமிநீக்க மூன்று தொட்டி. குளோரின் என்றால் 100 பி.பி.எம்., 24 பாகைத் தண்ணீரில் 45 விநாடி. சோதனைத் தாள் வைத்திருக்கவேண்டும், பரிசோதகர் கேட்பார்.

#10 மரக்கறிக்கூடை

மரக்கறிப் பக்கத்துக்கு வருகிறேன். மூலையில் பெரிய பலசரக்குக்கடை இருக்கிறது என்றீர்கள். அதன் லீஸில் "இந்த பிளாசாவில் வேறு எவரும் பலசரக்கு, மரக்கறி விற்கக்கூடாது" என்று தனியுரிமை இருக்கும் வாய்ப்பு அதிகம். உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கோ: இந்தக் கடையைக் கட்டுப்படுத்தும் தனியுரிமைகள் எவை? 2023 ஜூனில் கனடாவின் போட்டிப் பணியகம் பலசரக்குக் கடைகளின் இப்படியான இடக்கட்டுப்பாடுகளைக் கட்டுப்படுத்தவேணும் அல்லது தடுக்கவேணும் என்று சொன்னது. அதை நம்பி கையெழுத்து வைக்கவேண்டாம், உங்கள் கையில் எழுத்து இருக்கவேணும். உங்கள் பயன்பாட்டு வாசகமும் "தெற்காசிய உணவு எடுத்துச்செல்லல், புதிய மரக்கறி, பொதிசெய்த உணவு" என்று விரிவாக இருக்கவேணும். "உணவகம்" என்று மட்டும் எழுதினால் கறிவேப்பிலைக் கட்டு விற்பதும் மீறலாகலாம். கொத்துக்கு நீங்களும் ஒரு தனியுரிமை கேட்கலாம், பிளாசா சின்னது என்றால் கொடுப்பார்கள்.

அனுமதி கிடைத்தால், எல்லா மரக்கறியையும் 4 பாகை அலமாரியில் போடாதேங்கோ. வெண்டிக்காய், கத்தரிக்காய், பாவற்காய் 10 பாகையளவில். 7 க்குக் கீழே வெண்டிக்காயில் குழிவிழுந்து கறுக்கும், கத்தரி விதை கறுக்கும். வாழைக்காய், வாழைப்பழம் 13 க்குக் கீழே போகவே கூடாது. கீரை வகைக்கு 0 முதல் 2. ஆகவே இரண்டு பகுதி வேணும்: கீரைக்குக் குளிர் அலமாரி, மற்றதுக்கு நிழலான, காற்றோட்டமுள்ள தட்டு. வெளிக்காற்று -15 இல் பெட்டியைப் பின்கதவில் நிற்கவிட்டால் வாழைப்பழத் தோல் சாம்பல் நிறமாகலாம். பின்கதவுக்கு உள்ளே பிளாஸ்ரிக் பட்டித் திரை போட்டு, லொறி வந்த உடனே உள்ளே எடுக்க ஆள் நிற்கவேணும்.

உள்ளேயே மோட்டர் உள்ள குளிர் அலமாரி அறைக்குள் வெப்பத்தைத் தள்ளும் என்பதையும் தாழ்வாரத்திடம் சொல்லுங்கோ, கூரை யூனிட்டின் கணக்கு மாறும். தராசு, வியாபாரத்துக்கு அங்கீகரித்த வகையாக இருக்கவேணும். சில்லறை உணவுக்கடைத் தராசுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை கட்டாயம். இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ நேரே இறக்குமதி செய்யப்போகிறீர்கள் என்றால் அதற்கு மத்திய அரசின் உணவு உரிமம் தனியாக வேணும், பொதியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்கவேணும். தொடக்கத்தில் மொத்த வியாபாரியிடம் எடுங்கோ.

சட்டப்படி மூடவேண்டிய விடுமுறை நாள் ஒன்பது. 2,400 சதுர அடிக்குள், ஒரே நேரத்தில் மூவருக்கு மேற்படாத ஆட்களோடு ஓடும் உணவுக்கடைக்கு விலக்கு இருக்கிறது. பெரிய கடை பூட்டியிருக்கும் அந்த நாட்கள் உங்களைப் போன்ற சிறிய கடைக்கு நல்ல நாட்கள்.

#11 கணக்கேடு

வரி விகிதத்தைப் பணப்பெட்டியில் முதல் நாளே சரியாகப் போடுங்கள். மரக்கறி, அரிசி, பருப்பு போன்ற அடிப்படைப் பலசரக்குக்கு 0. சூடாக விற்கும் ரோல்ஸ், கொத்து, சாப்பாட்டுப் பெட்டிக்கு 13%. ஆனால் ஒன்ராறியோவில் உடன் சாப்பிடத் தயாரான உணவின் மொத்தம் 4 டொலருக்கு மேற்படாவிட்டால் மாகாணப் பங்கு 8% விலக்கு, 5% மட்டும் எடுக்கவேண்டும். ஒரு ரோலும் ஒரு தேநீரும் 3.75 என்றால் 5%. இரண்டு ரோலும் தேநீரும் 5.50 என்றால் முழுத் தொகைக்கும் 13%. பொருளுக்குப் பொருள் அல்ல, பில்லில் உள்ள அந்த உணவின் மொத்தத்துக்குப் பார்க்கவேண்டும். இந்த 4 டொலர் விதியைத் தானாகக் கணக்கிடும் பணப்பெட்டி மென்பொருளா என்று வாங்கமுன் கேளுங்கள்.

சம்பளம்: அடிப்படைச் சம்பளம் 2025 ஒக்ரோபர் 1 முதல் மணிக்கு 17.60. இரண்டு பேர், ஒருவருக்கு நாளுக்கு பத்து மணி, ஏழு நாளும் என்று மூடாமல் ஓடினால் கிழமைக்கு 140 மணி, 2,464 டொலர், வருடம் 128,128. இதன்மேல் விடுமுறைச் சம்பளம் 4%, ஓய்வூதியத்துக்கும் வேலையின்மைக் காப்புறுதிக்கும் முதலாளி பங்கு. ஒருவரையே 70 மணி வைத்தால் 44 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு வரும், ஆகவே நாலு பேராகப் பிரிக்கவேண்டும். நான் முதலில் சொன்ன 564,000 விற்பனையில் இது 23 வீதம்.

#12 புதுக்கடை

காசு அனுப்பும் முகவர் ஒருவருக்கு மூலையில் ஒரு மேசை வாடகைக்கு விட்டால் வருமானம் வருமா? பிளாசாவில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது.

#13 ஒப்பந்தம்

வேண்டாம். மேசை விடுவதும் உபவாடகைதான், உரிமையாளர் சம்மதம் எழுத்தில் இல்லாமல் செய்தால் லீஸ் மீறல். ஏற்கனவே உள்ள கடைக்குத் தனியுரிமையும் இருக்கலாம். அதோடு அந்தத் தொழில் ஃபின்ட்ராக் (பணமோசடியைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) பதிவு, 1,000 டொலரும் அதற்கு மேலும் அனுப்பினால் அடையாளம் பார்த்தல், 10,000 க்கும் மேலும் என்றால் அறிக்கை என்று ஓடுவது. உங்கள் கடைக்குள் பிழை நடந்தால் விளக்கம் சொல்லும் சுமை உங்களுக்கும் வரும்.

தனிப்பட்ட உத்தரவாதம் பற்றி யாரும் கேட்கவில்லை. கம்பனி பெயரில் லீஸ் எடுத்தாலும் உரிமையாளர் உங்கள் சொந்தக் கையெழுத்தைக் கேட்பார். வரையறை இல்லாமல் வைத்தால் ஐந்து வருட வாடகைக்கும் வீடு பொறுப்பாகும். கேட்கவேண்டியது: உத்தரவாதம் 12 மாத வாடகைக்கு மேற்படாது, இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினால் ஆறு மாதமாகக் குறையும், கடையை விற்று லீஸை மாற்றினால் அன்றோடு முடியும். மூன்றாவது மிக முக்கியம். வாங்கியவர் மூன்றாம் வருடம் கட்டாமல் போனால் முதல் கையெழுத்துக்காரரைத் தேடி வருவார்கள். வாழ்க்கைத்துணையின் கையெழுத்தைச் சேர்க்கவேண்டாம்.

#14 வாசற்படி

தரிப்பிடம் பற்றிச் சின்னதாக. ரியூசன் நிலையம் கிழமை நாள் மாலை 5 முதல் 8 வரையும் சனி முழுதும் தரிப்பிடத்தை நிரப்பும். அது உங்களுக்கு நல்லது, காத்திருக்கும் பெற்றோர்தான் ரோல்ஸ் வாங்குவார்கள். ஆனால் அவர்கள் ஒரு மணி நேரம் காரை எடுக்கமாட்டார்கள். கடை முகப்பில் இரண்டு இடத்தை "15 நிமிடம், எடுத்துச்செல்லல்" என்று லீஸிலேயே கேளுங்கள். பிறகு கேட்டால் மற்றக் கடைகள் எதிர்க்கும்.

வீதியோரக் கம்பப் பலகையில் உங்கள் பெயர் எந்தத் தட்டில், மாதக் கட்டணம் எவ்வளவு என்று எழுதுங்கள். காலித் தட்டு இல்லாத பிளாசாவில் "பிறகு பார்ப்போம்" என்பதை நம்பவேண்டாம். முகப்புப் பலகைக்கு மாநகரசபை அனுமதியும் வேண்டும், அளவை உரிமையாளர் வழிகாட்டலில் பார்த்து வரையுங்கள்.

குப்பை: சமையல்கடைக்குத் தனித் தொட்டி, பூட்டும் மூடியோடு. பொதுத் தொட்டியில் உணவுக் கழிவு போட்டால் எலி வரும், எலி ஒரு கடைக்குள் நிற்காது.

#15 பனங்கூடல்

ஓடிக்கொண்டிருக்கும் சாப்பாட்டுக்கடை ஒன்றை விலைக்கு வாங்கினால் இந்த ஹூட் செலவெல்லாம் மிச்சம்தானே?

#16 ஒப்பந்தம்

மிச்சமாகலாம், ஹூட் அனுமதியோடு போட்டதென்றால். இறுதிப் பரிசோதனை முடிந்து மூடிய அனுமதியா என்று கேளுங்கள். வரைபடமில்லாமல் போட்ட ஹூட்டை வாங்கினால் புதிதாகப் போடுவதைவிடச் செலவு. பிறகு லீஸில் எத்தனை மாதம் மிச்சம், நீட்டிப்பு உரிமை வாங்குபவருக்கும் செல்லுமா? பல லீஸ்களில் அது முதல் குடியிருப்பாளருக்கு மட்டும். உபகரணத்தின்மேல் கடன் பதிவு உள்ளதா என்று தேடல் செய்யுங்கள், ஃபிரையர் குத்தகை நிறுவனத்துடையதாக இருக்கலாம். ஒன்ராறியோவில், கடையை மொத்தமாக விற்கும்போது பழைய கடன்காரரைக் கவனிக்கச் சொன்ன மொத்தவிற்பனைச் சட்டத்தை 2017 இல் நீக்கிவிட்டார்கள், ஆகவே பழைய கடன்காரரைப் பற்றி நீங்களே விசாரிக்கவேண்டும்.

#17 புதுக்கடை

முகவரிடம் இன்று அனுப்பியது: 15 வேலைநாள் நிபந்தனை; மூன்று வருட ரி.எம்.ஐ. இறுதிக் கணக்கு, தனியுரிமைப் பட்டியல், இடிப்பு வாசகம் முதல் ஐந்து வருடத்துக்கு வேண்டாம், கூரை யூனிட் மாற்றுவது உரிமையாளர் செலவு, உத்தரவாதம் 12 மாதம், மின்பலகையும் கூரையும் பார்க்க ஒரு நாள், திருத்தவேலைக்கு வாடகையில்லாமல் நாலு மாதம். முதலில் கொத்து இல்லாமல் தொடங்கி, ஹூட்டுக்கான இடமும் கூரை அனுமதியும் மட்டும் லீஸில் வாங்கி வைக்கலாம் என்று நினைக்கிறேன். விட்டுப்போனது ஏதும் உண்டா?

#18 ஒப்பந்தம்

இரண்டு. "வாடகையில்லாமல்" என்றால் அடிப்படை வாடகை மட்டும்தான் என்று வாசிப்பார்கள். ரி.எம்.ஐ.யும் இல்லை என்று எழுதுங்கள், உங்கள் கணக்கில் மாதம் 1,500 அது. நாலு மாதம் சாவி கையில் வந்த நாளிலிருந்தா, கட்டட அனுமதி வந்த நாளிலிருந்தா என்பதையும் எழுதுங்கள். சாவி வந்த நாளிலிருந்து எண்ணினால், அனுமதி தாமதமாகும்போது நாலு மாதமும் காத்திருப்பில் போகும்.

அடுத்தது நீட்டிப்பு உரிமை. வழக்கமாக லீஸ் முடியமுன் ஒன்பதாவது மாதத்துக்கும் ஆறாவது மாதத்துக்கும் இடையில் எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்றிருக்கும். ஒரு நாள் பிந்தினாலும் உரிமை போய்விடும், உரிமையாளர் நினைவூட்டக் கடமைப்பட்டவர் அல்ல. புதிய வாடகை "சந்தை விலை" என்று மட்டும் இருந்தால், ஒத்துவராதபோது நடுவர் தீர்ப்பார் என்றும், மதிப்பிடும்போது நீங்கள் போட்ட திருத்தவேலையின் பெறுமதியைச் சேர்க்கக்கூடாது என்றும் சேருங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஹூட்டுக்கு உங்களிடமே வாடகை வாங்குவார்கள். அறிவித்தல் திகதியைக் கணக்காளரின் நாட்காட்டியிலும் உங்கள் நாட்காட்டியிலும் இன்றே குறித்துவிடுங்கள்.